கௌரியம்மாளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற பாதையில் ஒரு காலனி. அங்கே கழனி வேலை செய்துவந்தவர் கௌரியம்மாள். 2001இல் எதிர்வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் எட்டு மாத இடைவெளியில் எய்ட்ஸால் இறந்துபோனார்கள். அவர்களுடைய இரண்டு பெண்களையும் பார்த்து எல்லோரும் பாவம் என்றார்கள், எட்ட நின்று. கௌரியம்மாள் மட்டும் போய், பெரியவள் அமுலுவை மடியில் சாய்த்துப் பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"உனுக்கும் ஒட்டிக்கும்டி" என்றார் கணவர் கோதண்டம்.

"பேன்தான? ஒட்டினா ஒட்டிக்கினு போவுது."

ஆறு மாதமாகியும் கௌரியம்மாள் சாகவில்லை என்று தெரிந்ததும், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அவரிடம் விட ஆரம்பித்தார்கள். பதினான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். மாரியம்மன் கோயிலை ஒட்டிய கொட்டகையில் தெருப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். தங்கள் முறைக்கு வராதவர்களை கௌரியம்மாள் வீட்டுக்கே போய் இழுத்துவந்தார்.

2004இல் சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. கொட்டகைக்கு சிமென்ட் ஷீட்டும் கதவும் 'மக்களே நடத்தும் குழந்தைகள் காப்பகம்' என்ற போர்டும் வந்தன. பொறுப்பாளர் பத்தாவது தேறியிருக்க வேண்டுமாம். கௌரியம்மாள் படித்தது மூன்றாவது. எனவே அரக்கோணத்திலிருந்து பிரபாவதி என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். கௌரியம்மாளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

திருத்தணிக் கல்யாண மண்டபம் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி. நடத்தியவர் சிவப்பிரகாசம். "குழந்தை அழுதா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார்.

"தூக்கிப்பேங்க."

"அதுக்கு முன்னாடி?"

கௌரியம்மாள் யோசித்தார். "இடுப்புல ஏற்கெனவே ஒண்ணு இருக்கும். அத்த எறக்கி வுடணுங்க."

சிவப்பிரகாசம் அட்டையில் 'திட்டமிடல்' என்று எழுதினார்.

பிரபாவதி நல்ல பெண். ரயில் பிடித்து, பஸ் பிடித்து, பதினோரு மணிக்கு வந்து சேர்வாள். தாய்மார்கள் வேலைக்குக் கிளம்புவது காலை ஆறு மணிக்கு. சாவி பிரபாவதியிடம். ஆகவே தினமும் ஐந்து மணி நேரம், மக்களே நடத்தும் காப்பகத்துக்கு வெளியே மக்கள் நின்றார்கள்.

ஒருநாள் நிறுவனத்தின் மேலதிகாரிகள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். பூட்டிய கதவு, வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு கௌரியம்மாள். செய்தி கேட்டு ஆட்டோவில் ஓடிவந்த பிரபாவதி, சாவியை கௌரியம்மாள் கையில் வைத்தாள்.

"நான் ரெஜிஸ்டர் எழுதறவ சார். பாத்துக்கறது அக்காதான்."

யாரும் மறுக்கவில்லை. சாவி அன்றிலிருந்து கௌரியம்மாளிடம் இருந்தது. பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

2007இல் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். மக்கள் தாங்களாகவே நடத்தக் கற்றுக்கொண்டார்களாம். விழா வைத்துச் சால்வை போர்த்தினார்கள். "மூணே வருஷத்துல என்ன மாற்றம்!" என்று சிவப்பிரகாசம் நெகிழ்ந்தார். கௌரியம்மாளும் கைதட்டினார், யாருக்கு என்று அவருக்குப் புரியவில்லை.

அந்த வருடம்தான் அமுலு பத்தாவது தேறினாள். பொறுப்பாளர் வேலைக்கு இப்போது அவளுக்குத் தகுதி இருந்தது, வேலைதான் இல்லை. "வுடு, நர்ஸுக்குப் படி" என்றார் கௌரியம்மாள். அவள் திருவள்ளூருக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் ஊரே பார்க்க அழுதார். கோதண்டம்தான் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்துவந்தார்.