திருவிருந்துக்கு உட்காராதவள்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து நேரம் வந்துவிட்டால், பனச்சமூட்டுக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஆலயத்தின் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு வராந்தாவுக்கு வருவார்கள். அங்கே சுகிர்தபாய் பாய் விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஒன்றை மடியில் வாங்கி, ஒன்றைத் தோளில் சாய்த்து, தவழ்கிற ஒன்றைச் சேலைத் தலைப்பால் பிடித்து நிறுத்திக்கொள்வாள். உள்ளே அப்பமும் ரசமும் எல்லாருக்கும் கொடுத்து முடிகிறவரை எழுந்திருக்க மாட்டாள். முப்பது வருஷமாக இதுதான் நடப்பு. தனக்கு வேண்டாமென்று விட்டுக்கொடுத்து ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறாளே என்று சபையார் மெச்சினார்கள். ஊருக்கு என்ன, காரணம் தெரியாதவரை எதை வேண்டுமானாலும் மெச்சும்.

காரணம் சுந்தரதாஸ் வாத்தியார்.

மலையாள ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதின், அதாவது 1924-இன், பெருமழையில் நடந்தது அது. அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. வண்டிக்கார யோசுவாவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அம்மா, அக்காளின் பிரசவத்துக்காக நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வந்த அம்மாவின் கடிதத்தைக் கொடுக்க வாத்தியார் வீட்டுக்கு வந்தார். மழை விடவில்லை, அவரும் போகவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. சொல்லப்போனால் கதவைச் சாத்தியதே சுகிர்தபாய்தான். அடுத்த மாதமே அவருக்குப் பீருமேட்டில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. போய்விட்டார். இவள் யோசுவாவைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷன். இருபது வருஷம் அடிக்காமல், குடிக்காமல் வைத்துக் காப்பாற்றிவிட்டுக் காய்ச்சலில் செத்துப்போனான்.

அந்தச் சபையின் முறை அவளுக்குத் தெரியும். தப்பு செய்தவர் போதகரிடம் சொல்ல வேண்டும். அவர் ஆலயத்தில் பேர் வாசித்துத் திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பார். மனம் வருந்திய பிறகு மறுபடி சேர்த்துக்கொள்வார். பேர் வாசிப்பதை நினைத்தாலே அவளுக்குக் குலை நடுங்கும். அதனால் தன்னைத் தானே விலக்கி வைத்தாள். குற்றவாளியும் அவளே, போலீசும் அவளே, ஜட்ஜியும் அவளே. மனம் வருந்தியதும் உட்காரலாம் என்றிருந்தாள். வருத்தம்தான் வந்தபாடில்லை. யோசுவாவை நினைத்தால் நெஞ்சு கனத்தது. அந்த மத்தியானத்தை நினைத்தால் கனக்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது, அதுதான் தொல்லை. வருந்தாமல் எப்படி உட்காருவது?

அப்படியே ஐம்பத்துமூன்று வயதாகிவிட்டது. கொடிக்காலில் வெற்றிலை வாங்கிப் பனச்சமூட்டுச் சந்தையில் விற்றுத் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு, மலையாள அரசின் கீழிருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று ஊரெல்லாம் கொடியும் ஊர்வலமுமாக இருந்தபோது, சுந்தரதாஸ் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். மனைவி இறந்துவிட்டதால் தங்கை ராஜபாயின் வீட்டில் தங்கினார். ராஜபாய் இவளுக்கு அடுத்த வீடு.

ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறு. வராந்தா ஜன்னல் வழியாகச் சுகிர்தபாய் பார்த்தாள். சுந்தரதாஸ் மூன்றாவது பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு துண்டு அப்பத்தை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தின்கிறார்!

மடியிலிருந்த குழந்தை வீரிட்டது. தன்னையறியாமல் அதன் கையை இறுக்கிவிட்டிருந்தாள்.

அன்று பிடித்தது மனசின் அலைச்சல். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கை வைத்துவிட்டு மறந்தாள். சந்தையில் இருபது வெற்றிலைக்கு முப்பது கொடுத்தாள். 'இதே கையால்தானே, இதே வாயால்தானே' என்று உள்ளே ஓயாமல் ஒரு குரல். முப்பது வருஷம் நான் பட்டினி, அந்த மனுஷனுக்கு மாதாமாதம் விருந்தா? கேட்டே ஆக வேண்டும். ஆனால் எங்கே, எப்படி? அடுத்த வீட்டு வாசலில் நின்று கேட்கிற கேள்வியா அது?

பத்து நாளில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களைப் புதைப்பதற்குள் போலீஸ் வீடு வீடாக ஆள் பிடிக்கத் தொடங்கியது. ஊர்வலத்தில் போன சுந்தரதாஸ், சுகிர்தபாய் வெற்றிலை வாங்கும் பொன்னப்பனின் கொடிக்காலில் போய் ஒளிந்துகொண்டார். நாலாம் நாள் ராஜபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்க பெறத்தால போலீசு நடக்கு, சுகிர்தம். நீ தெனமும் கொடிக்காலுக்குப் போறவதானே. அண்ணனுக்கு ரெண்டு துண்டு கெழங்கும் மீன்கறியும் கொண்டு குடுக்கணும்."

சுகிர்தபாய் கூடையை எடுத்தாள். வழியில் ஒரு மலையாளப் போலீஸ்காரன் எங்கே போகிறாள் என்று தடுத்தான்.

"எங்ஙோட்டா?"

"வெற்றில நுள்ளான் போணு, சாரே" என்றாள், வெற்றிலை கிள்ளப் போகிறவள் போலக் கண் இமைக்காமல். இரண்டு பாஷையிலும் அவளுக்குப் பொய் சொல்ல வரும்.

கொடிக்காலுக்குள் பட்டப்பகலிலும் நிழல் இருந்தது. அகத்தி மரத்தடியில் சுந்தரதாஸ் தாடியும் அழுக்கு வேட்டியுமாகக் குந்தியிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். அவள் கூடையைத் தரையில் வைத்தாள்.

"தின்னும். திண்ணுட்டு எனக்கு ஒரு பதிலு சொல்லும், வாத்தியாரே."

"என்ன சுகிர்தம்?" என்றபடி அவர் கிழங்கை எடுத்தார்.

"நீரு எப்பிடி அண்ணைக்குத் திருவிருந்து எடுத்தீரு? ஒமக்குக் கூச்சம் இல்லியா?"

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கிழங்கைக் கீழே வைத்தார்.

"நான் பீருமேட்டுக்குப் போன கையோட அங்க உள்ள போதகர்ட்ட சொல்லிட்டேன். உனக்க பேரைச் சொல்லல்ல. எனக்க பேர ஆலயத்தில வாசிச்சாவ. ஆறு மாசம் வெலக்கி வச்சாவ. அது முடிஞ்சு சேத்துக்கிட்டாவ."

"எத்தற மாசம்?"

"ஆறு."

ஆறு மாசம்! பொங்கி வந்த கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் சுகிர்தபாய் ஒரு வெற்றிலையைப் பிய்த்துத் துண்டு துண்டாகக் கிழித்தாள்.

"நான் முப்பது வருசமாட்டு வராந்தாவுல ஊருக்குள்ள பிள்ளேளுக்க மூத்திரத்துல இருக்கேன், வேய்! ஒரு வரி எழுதிப் போட்டா என்ன?"

"கார்டுல என்னத்த எழுத? தபால்காரன் வாசிக்க மாட்டானா? நீ இப்பிடி இருக்கியண்ணு எனக்கு எப்பிடித் தெரியும்? சத்தியமாட்டு எனக்குத் தெரியாது, சுகிர்தம்."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். பிறகு, கேட்க வந்ததில் கடைசிக் கேள்வியைத் தலை குனிந்தபடி கேட்டாள்.

"நீரு மனசு வருத்தப்பட்டீரா?"

"வருத்தப்பட்டேண்ணு சொல்லச் சொன்னாவ. சொன்னேன்." சுந்தரதாஸ் வெற்றிலைக் கொடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அது பொய்யாக்கும். கட்டினவள்ட்ட சொல்லாததுக்கு வருத்தம் உண்டு. உன்னைய விட்டுட்டுப் போனதுக்கும் உண்டு. அந்த மத்தியானத்துக்கு இல்ல."

சுகிர்தபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக அவள் அங்கே நின்றது பார்க்க நன்றாக இருந்திருக்காது. ஆனால் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு முழுசாக உள்ளே போயிற்று. தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தாளே!

"தின்னும். மீன் ஆறுது" என்று சொல்லிவிட்டு, கூடையில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. ராஜபாய் நெய்யாற்றின்கரை லாக்கப்புக்கு நடையாய் நடந்தாள். சுகிர்தபாய்க்கு அவருக்காகக் கவலை இருந்தது. ஆனால் இனி அவரிடம் கேட்க ஒன்றும் பாக்கியில்லை. பாக்கியெல்லாம் ஆலயத்துக்குள்ளேதான் இருந்தது.

செப்டம்பர் முதல் ஞாயிறு. தாய்மார்கள் பிள்ளைகளோடு வராந்தாவுக்கு வந்து பார்த்தால் பாயும் இல்லை, சுகிர்தபாயும் இல்லை. அவள் உள்ளே, பெண்கள் பக்கத்து நாலாவது பெஞ்சில் இருந்தாள். வேறு வழியில்லாமல் பிள்ளைகளோடு திரும்பி வந்தார்கள். ஒன்று அழ, அதைக் கேட்டு மற்றொன்று அழ, போதகர் ஜெபித்தது யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று சுகிர்தபாய் இரண்டு தடவை நினைத்தாள்.

சபை மூப்பர் தேவகுமார் அப்பத் தட்டோடு வந்தான். முப்பது வயதுக்காரன். சுகிர்தபாய்க்குத் தட்டு நீட்டி அவனுக்குப் பழக்கமில்லை. அவளைத் தாண்டி அடுத்தவளுக்கு நீட்டினான்.

அவள் அவன் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தாள்.

"எலே, எனக்கு?"

முன் பெஞ்சுகள் திரும்பின. தேவகுமார் குனிந்து கிசுகிசுத்தான்.

"மாமி, பிள்ளேள ஆரு பாப்பா?"

"பெத்தவ பாப்பா. நீ தட்ட இஞ்ச கொண்டா."

நீட்டினான். அவள் ஒரு துண்டை எடுத்தாள். வெள்ளையாக, விரல் நுனியளவு. இவ்வளவுதானா என்றிருந்தது. வாயில் போடும் முன், இப்போதாவது வருத்தம் வருகிறதா என்று ஒரு தடவை மனசைத் தடவிப் பார்த்தாள்.

வரவில்லை. போட்டுக்கொண்டாள்.