உப்பளத்தில் வந்து இறங்கிய கால எந்திரம்

சினிமாவில் லொகேஷன் மேனேஜர் வேலை என்பது, இடத்துக்காரரிடம் கம்பெனி ஆளாகவும் கம்பெனியிடம் இடத்துக்காரர் ஆளாகவும் திட்டு வாங்குவது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பிழைக்கிற புரோக்கர், சூப்பர்வைசர், வீட்டில் நடுப்பிள்ளையாகப் பிறந்தவர் எல்லோருக்கும் இது புரியும். என் வீடு பெரிய முதலியார்சாவடியில் இருக்கிறது. சென்னையிலிருந்து எந்தப் படக்குழு இந்தப் பக்கம் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படி வந்த ஒரு படம், பழைய இங்கிலீஷ் நாவல் ஒன்றைத் தமிழில் எடுத்தது. எந்திரத்தில் ஏறி எதிர்காலத்துக்குப் போகிற விஞ்ஞானியின் கதை. உலகம் முடிகிற கடைசிக் காட்சிக்கு மரக்காணம் உப்பளம்தான் வேண்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

கதை சொல்லப் போனது

உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற ராமலிங்கத்திடம் நான்தான் கதை சொன்னேன். கேட்காமல் அனுமதி தர மாட்டேன் என்றார். பல லட்சம் வருஷம் தாண்டி விஞ்ஞானி வந்து இறங்குகிறான், மரம் இல்லை, ஊர் இல்லை, ஆகாயத்தில் சிவப்பாக ஒரு சூரியன், கீழே உப்பும் கடலும் மட்டும் என்று என்னால் முடிந்தவரை உருக்கமாகச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எல்லாம் அழிஞ்சி உப்பு மட்டும் இருக்குதுன்றே. அப்ப குத்தகை யார் பேர்ல இருக்குது?"

ஷூ

உப்புப் பாத்தியின் தரையை வாரக்கணக்கில் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். அதில் ஹீரோ கனமான பூட்ஸோடு இறங்கப் போனார். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி இருக்கும் கன்னியம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார். டைரக்டர் என்னைப் பார்த்தார், கன்னியம்மாவும் என்னைப் பார்த்தார். ஹீரோ நல்ல மனிதர், தானே பூட்ஸைக் கழற்றினார். வெறுங்கால் தெரியாமல், முழங்காலுக்கு மேலே மட்டும் ஷாட் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

மத்தியானத்துக்குள் உப்புத் தண்ணீர் அவர் பாதத்தைப் பதம் பார்த்துவிட்டது. கால எந்திரத்தின் சீட்டில் உட்கார்ந்து, நல்ல தண்ணீர் பக்கெட்டுக்குள் காலை விட்டுக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் எரியாதாம்மா?" என்று கன்னியம்மாவிடம் கேட்டார்.

"எரியாமலாங்க இருக்குது? வீட்டுக்குப் போயி எரியுதுன்னு சொல்லிக்குவோம்."

குடை

எதிர்கால மனிதர்களாக நடிக்க அந்தப் பெண்களையே கேட்டார்கள். கதைப்படி அவர்கள் பூமிக்கு அடியில் பிழைத்துக் கிடக்கிற, வெயிலே படாத கடைசி ஜனங்கள். அதனால் தலை முதல் கால் வரை வெள்ளைப் பூச்சு. வெயிலில் அது உருகி வழியத் தொடங்கியதும் மேக்கப் உதவியாளர் ஓடி வந்து கன்னியம்மாவின் தலைக்கு மேல் குடை பிடித்தார். ஷாட் ரெடியாகும் வரை பிடித்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் போய் நின்ற என்னிடம் கன்னியம்மா மெதுவாகச் சொன்னார்.

"குடை இந்த வெள்ளைக்குத்தான், எனக்கில்லைன்னு தெரியுதுங்க. இருந்தாலும் பிடிக்கட்டும், நல்லாத்தான் இருக்குது."

மேகம்

உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதால், ராமலிங்கத்தின் சம்மதத்தோடு, மூடியிருந்த தார்ப்பாய், கீற்று எல்லாவற்றையும் எடுத்து லாரிக்குப் பின்னால் போட்டிருந்தோம். சிவப்புச் சூரியனுக்காகச் சாயங்காலம் காத்திருந்தபோது கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சீசன் இல்லாத மழை. குவியல் கரைந்தால் ராமலிங்கத்துக்கு நஷ்டம், பாத்தியில் நல்ல தண்ணீர் புகுந்தால் மறுபடி உப்பு விளைகிறவரை இந்தப் பெண்களுக்குக் கூலி இல்லை. டைரக்டரோ, மழைக்கு முன்னால் அந்த வெளிச்சம் கிடைத்தால் போதும், யாரும் அசையாதீர்கள் என்கிறார்.

கன்னியம்மா என்னைப் பார்த்தார். போங்க என்று தலையசைத்தேன். வெள்ளைப் பூச்சோடு அத்தனை பேரும் வரப்பில் ஓடினார்கள். நானும் ஓடினேன். காற்றில் தார்ப்பாய் பிடிபடவே இல்லை. பாதிக் குவியல்களைத்தான் மூட முடிந்தது. சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தால், புரொடக்‌ஷன் மேனேஜர் குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"நீ எங்க ஆளா, அவங்க ஆளா? அதைச் சொல்லிட்டு அப்புறமா தலையைத் துவட்டு."

ஒரு சந்தேகம்

மறுநாள் காலையில் குவியல் பலவும் பள்ளம் விழுந்து கிடந்தன. பாத்தியெல்லாம் வானம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர். டைரக்டர் வருத்தப்பட்டார், சும்மா சொல்லக்கூடாது, ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெண்களைப் பார்க்க வந்து எந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். கன்னியம்மா அதன் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"சார், கதைப்படி இது பின்னாடியும் போகுமா?"

"போகும்மா. எங்க போகணும்?"

"ரொம்ப தூரம் வேணாங்க. நேத்து மத்தியானம் போயி, தார்ப்பாயை எடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

படம் பார்த்தது

படம் வந்ததும் வேன் பிடித்து எல்லோரையும் புதுச்சேரி தியேட்டருக்கு அழைத்துப் போனேன். ராமலிங்கமும் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்தார். கடைசிக் காட்சியில் பாத்தி இல்லை, வரப்பு இல்லை, குவியல் இல்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுப் பனிமலை போட்டிருந்தார்கள். வெள்ளை முகங்களில் கன்னியம்மாவால் தன்னையே கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது. வேன் ஈசிஆரில் பாதி தூரம் வந்தபோது ராமலிங்கம் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, பனிமலைதான் வேணும்னா, அதைச் சென்னையிலேயே உக்காந்து போட்டிருக்கலாமே?"

காலத்தைத் தாண்டுகிற எந்திரத்தை லாரியில் ஏற்றி இறக்கிய எனக்கு, இன்றுவரை ஒரு நாளாவது பொழுதோடு வீடு போய்ச் சேர வாய்த்ததில்லை.