எங்கள் கவுன்சிலரை ஜட்ஜ் ஆக்கின கதை

ஆட்டோவில் மைக் பிடிக்கிற தொழிலில் தொண்டை நம்முடையது, வாக்குறுதி இன்னொருத்தருடையது. அந்த ஆட்டோ வரும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்த உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கலாம். ஆனால் நானும் உங்கள் கட்சிதான். சொன்னதை முதலில் நம்பிய ஏமாளி நானே.

தொண்டை கட்டியபோது

வக்கீல் தணிகாசலம் மரக்காணத்தில் எங்கள் வார்டுக்கு நின்றபோது நான் பத்தாவது. பி.டி. வாத்தியாரில் ஆரம்பித்து அனுமந்தையில் மீன் ஏலம் விடுகிற அண்ணன் வரைக்கும் யார் குரலும் எனக்கு வரும். நாலாம் நாளே வக்கீலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிச்ச நாளெல்லாம் அவர் ஜீப்பில் நின்று கும்பிட்டபடி வாயை அசைப்பார். பின்னால் ஆட்டோவுக்குள் குனிந்து உட்கார்ந்து அவர் குரலில் நான் பேசுவேன்.

எங்கள் தெருவில் நாற்பது வீடு, எல்லாம் உப்பு வாருகிறவர்கள். தெரு இருக்கிற மேடு தன்னுடையது என்று ஒரு உப்பளக்காரர் கேஸ் போட்டிருந்தார். கேஸ் கட்டில் முதல் பேர் என் அம்மா கன்னியம்மா. தெரு முனை வந்ததும் எனக்குக் கொடுத்த சீட்டில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: "உங்க வீட்டு மேல எவன் கை வச்சாலும், கோர்ட்டுல மொத ஆளா நான் வந்து நிப்பேன்." அம்மா உட்பட பாதித் தெரு அழுதது. அன்றைக்கு ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவர், கட்டின தொண்டையோடு என்னிடம் சொன்னார்: "டேய், நான் நல்லாத்தான் பேசியிருக்கேன் இல்ல?"

தெருவிளக்கு

ஜெயித்தார். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் கேஸுக்கு வக்காலத்தும் போட்டார். ஆனால் தெருவிளக்கு மட்டும் எரியவில்லை. ஒரு நாள் அவர் குரலில் கரண்டு ஆபீஸுக்கு நானே போன் போட்டு, "கொஞ்சம் பாத்துக் குடுங்க தம்பி" என்றேன். மறுநாளே ஏணியோடு ஆள் வந்துவிட்டார். பல்பை மாட்டிவிட்டு இறங்கும்போது அவர் கேட்டார்: "ஏம்பா, உங்க கவுன்சிலருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நேத்து ரொம்ப மரியாதையா பேசினாரு."

சேர்மன் நாற்காலி

அடுத்து சேர்மன் நாற்காலிக்குக் குறி வைத்தார். அவர் வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்ட கவுன்சிலர்களே எதிராளிக்குக் குத்திவிட்டார்கள். இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் கட்சிக் கரை வேட்டியை மடித்து வைத்துவிட்டு ஜட்ஜ் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கினார். "ஓட்டு கேக்காம உக்கார்ற நாற்காலிடா அது" என்பார்.

பாஸ் ஆனார். கவுன்சிலர் பதவிக்கும் கட்சிக்கும் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். எங்கள் தெருவில் பட்டாசு வெடித்த வெடியில் உப்புப் பாத்தியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. சொந்த மாவட்டத்தில் போடமாட்டார்கள், தெற்கே தூரமாகத்தான் போவார் என்று பேப்பரில் படித்துச் சொன்னேன். மூட்டை தூக்குகிற ஏழுமலை மாமா காதில் வாங்கவேயில்லை: "போடா, நம்ம ஆளே ஜட்ஜு. இனிமே எதுக்கு கோர்ட்டுக்கு நடக்கணும்?"

பாராட்டு விழா

விழாவும் எங்கள் கேஸும் ஒரே நாளில் விழுந்தன. அவருடைய ஜூனியர், "வெறும் வாய்தாதான், மத்தியானம் போய் வாங்கிக்கலாம்" என்று மாலை வாங்கப் போய்விட்டார். தெருவே வேன் பிடித்துக் கல்யாண மண்டபத்துக்கு வந்தது.

மேடையில் மைக் என் கையில். சும்மா இருப்பேனா? கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, "கன்னியம்மா... கன்னியம்மா... கன்னியம்மா..." என்று இழுத்தேன். மூன்றாவது வரிசையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மண்டபமே சிரித்தது. புது ஜட்ஜும் சிரித்தார். மணி பதினொன்று இருக்கும்.

அதே பதினொரு மணிக்கு அங்கே கோர்ட்டில் நிஜ டவாலி கூப்பிட்டிருக்கிறார். ஒருத்தரும் வராததால் தீர்ப்பு உப்பளக்காரர் பக்கம் போய்விட்டது. பிறகு அம்மா அந்த டவாலியிடமே போய்க் கேட்டாள். பாவம், அவர் என்ன செய்வார்: "மூணு தடவ தொண்ட கிழியத்தாம்மா கூப்ட்டேன். வராண்டால ஒரு ஆள் இல்ல."

வயிற்றுப்போக்கு

கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போடப் புது வக்கீலைப் பிடித்தோம். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று காரணம் எழுதவேண்டும். எங்கள் வக்கீலுக்கே பாராட்டு விழா என்று எழுதமுடியுமா? உடம்பு சரியில்லை என்று எழுதலாம் என்றார் ஏழுமலை மாமா. புது வக்கீல் போனைத் திருப்பிக் காட்டினார். விழா போட்டோவை எதிர்தரப்பு வக்கீல் ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்து ஏற்கெனவே அவருக்கு அனுப்பியிருந்தார். புது வக்கீல் அம்மாவிடம் அலுத்துக்கொண்டார்: "நாப்பது வீட்டுக்கும் ஒரே நாள்ல வயித்துப்போக்குன்னு எழுதறேன். ஆனா இதுல எல்லாரும் பல்லக் காட்டிட்டு நிக்கிறீங்களேம்மா."

மனு தள்ளுபடி.

கடைசிப் போன்

போன வாரம் கோர்ட் அமீனா வந்து, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கதவில் தாளை ஒட்டிவிட்டுப் போனார். இத்தனை வருஷம் குரல் மாற்றிப் பேசினால் துடைப்பத்தை எடுக்கிற அம்மா, அன்றைக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உப்பில் வெடித்த காலைத் தடவிக்கொண்டே, "அந்த ஐயா கொரல்ல யாருக்காவது ஒரு போன் போட்டு நிறுத்தேன்டா" என்றாள்.

கவுன்சிலர் குரலில் பல்பு கேட்கலாம். ஜட்ஜ் குரலில் பேசினால் ஜெயில். அதனால் அவருக்கே போட்டேன். எடுத்தார். அவருடைய பழைய குரலிலேயே, "உங்க வீட்டு மேல எவன் கை வச்சாலும், கோர்ட்டுல மொத ஆளா நான் வந்து நிப்பேன்" என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அத அன்னிக்கும் நான் சொல்லல. நீதான் சொன்ன."

ஊரில் உள்ள அத்தனை குரலும் பேசத் தெரிந்த எங்கள் தெருவிலிருந்து, 'இதோ இருக்கேன்' என்று சொல்லவேண்டிய அந்த ஒரு காலையில் மட்டும் கோர்ட்டுக்கு ஒரு குரலும் போகவில்லை.