காலிப் பெட்டிக்கு மூன்று கம்பி

ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். பொத்தானை அமுக்கினால் தானே ஓடும் புது லிஃப்ட் வந்ததும், இனி நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் மாலை, நாலு பேர் கைதட்ட, முதலாளி பளபளக்கும் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை அவர் கையில் வைத்து, "எங்க குடும்பத்துல ஒருத்தர் நீங்க" என்றார். அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வீட்டில் மனைவி தாளைக் கிழியாமல் பிரித்தாள். உள்ளே ஒரு சுருட்டுப் பெட்டி. நல்ல மரம், பித்தளைக் கீல், மூடியில் தேய்ந்துபோன கப்பல் படம். திறந்தால் புகையிலை வாசனைதான் இருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லையே!"

"அடியில ஏதாவது இருக்கும், பாரு."

"கவுத்தே பாத்துட்டேன்."

அவரும் வாங்கிக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு துணுக்குப் புகையிலை மடியில் விழுந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மனைவி அதில் ஊசி, நூல், பொத்தான் எல்லாம் போட்டு அலமாரியில் வைத்தாள். அவர் பார்த்தார். பெட்டியைத் தூக்கி அத்தனையையும் கட்டில்மேல் கொட்டினார்.

"எவனோ ஊதித் தள்ளிட்டு வீசினது. என் அலமாரியில இருக்கக் கூடாது!"

"பெட்டி என்ன பண்ணுச்சு? அது மேல ஏன் பாயறீங்க?"

சுத்தியலோடு அவர் பால்கனிக்குப் போனார். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் பின்னாலேயே வந்தாள்.

"உடைக்கறதுன்னா உடைங்கப்பா. ஆனா இந்த மாதிரிப் பெட்டியில கிட்டார் செய்யறாங்க, தெரியுமா?" என்று போனை நீட்டினாள். திரையில் ஒரு ஆள் சுருட்டுப் பெட்டியில் கட்டை செருகி, மூன்று கம்பி கட்டி, சிரித்துக்கொண்டே வாசித்தான்.

கல்யாணத்துக்கு முன் அவர் நண்பன் ஒருவனின் கிட்டாரில் இரண்டு வருஷம் பழகியவர். நண்பன் வேறு ஊருக்குப் போனான், கிட்டாரும் போனது. அதற்குப்பின் அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. சுத்தியலைக் கீழே வைத்தார். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"செய்யறேன். அந்த முதலாளி குடுத்த குப்பையிலேயே செய்யறேன்."

செய்தார். அந்த மூன்று வாரமும் வீடு கலங்கிப் போயிற்று. முதலில் பழம் வரும் மரப்பெட்டியின் பலகையைக் கிட்டாரின் கழுத்தாக வைத்தார். கம்பியை முறுக்க முறுக்கப் பலகை வில்லாக வளைந்தது. முழங்காலில் வைத்து அதை முறித்தார். இரண்டு நாள் நொண்டினார். பிறகு கால் ஒடிந்து கிடந்த கட்டிலின் சட்டத்தைக் கழற்றினார்.

"எங்க அம்மா வாங்கிக் குடுத்த கட்டில்ங்க அது!"

"ஒடிஞ்சு பத்து வருஷம் ஆச்சு. உங்க அம்மா வந்து கேட்டாங்கன்னா சொல்லு, புதுசா செஞ்சு தரேன்."

பெட்டியின் இரண்டு பக்கமும் வெட்டி, கட்டை ஊடுருவிப் போக வழி செய்தார். ரம்பம் வழுக்கிக் கட்டைவிரலைக் கீறியது, முதலாளியைத் திட்டினார். மூடியில் போட்ட ஓட்டை கோணலாகப் போனது. அதற்கும் முதலாளியைத்தான் திட்டினார். கோணல் தெரியாமலிருக்க, பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடையை அதன்மேல் அறைந்தார். மனைவி அதை இரண்டு நாள் தேடினாள். வாத்தியம் பழுது பார்க்கும் கடையில், கம்பியை இறுக்கும் பழைய முறுக்காணிகள் மூன்று கிடைத்தன. கம்பிகளைத் தாங்க ஒரு போல்ட்டைக் குறுக்கே வைத்தார்.

முதல் சத்தம் தகர டப்பாவில் ஆணி உருளுவதுபோல் வந்தது. போல்ட்டின் அடியைத் தேய்த்தார், நகர்த்தினார், மறுபடி தேய்த்தார். ஐந்தாம் நாள் காலை மூன்று கம்பியும் ஒன்றாக முழங்கின. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அட!" என்றாள். அவர் அவ்வளவு பலமாக அடித்ததில் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

அந்த வாரமே அலுவலகத்திலிருந்து முதலாளியின் உதவியாளராக இருந்த பெண் போன் செய்தாள்.

"ஐயா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. சார் மேசையில இருந்த பெட்டிய உங்க பரிசுன்னு நினைச்சுத் தாள் சுத்திட்டாங்க. உங்களுக்கு வாங்கினது சுவர்க் கடிகாரம். அந்தப் பெட்டி சாரோட அப்பாவோடது, சார் தேடறாரு. கொண்டுவந்து குடுத்துட்டுக் கடிகாரத்த வாங்கிக்கோங்க."

அவர் போனை வைத்தார். வேண்டுமென்று அவமானப்படுத்தியிருந்தாலாவது ஒரு நிமிஷம் அவரை நினைத்திருப்பார்கள். அதுகூட இல்லை. தங்கள் பொருளைக் காணோம் என்ற பிறகுதான் அவர் ஞாபகமே வந்திருக்கிறது. கிட்டாரைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒன்பதாவது மாடி அறையில் போர்வையைப் பிரித்ததும் முதலாளி எழுந்துவிட்டார்.

"என்ன இது?"

"உங்க அப்பா பெட்டி."

"ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க!"

"திருப்பிக் கேப்பீங்கன்னு நீங்க சொல்லல சார்."

முதலாளி பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "அவர் ஞாபகமா எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."

"உங்க அப்பா தினமும் என் லிஃப்ட்லதான் சுருட்டுப் பிடிப்பாரு. சாம்பலத் துடைச்சது நான். எனக்கும் அந்த ஞாபகம் இருக்கு."

"சரி, சரி. கம்பியக் கழட்டி, கட்டைய உருவிட்டுக் குடுங்க. நாங்க ஒட்டிக்கறோம்."

"மாட்டேன்."

அந்தக் கட்டடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன வேகத்தில் அவருக்கே மூச்சு வாங்கியது. முதலாளி மேலும் ஏதோ சொன்னார். அவர் காதில் ஏறவில்லை. கிட்டாரைப் போர்வையில் சுற்றினார். கதவருகே அந்த உதவியாளப் பெண் கடிகாரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எனக்கு வாங்கினதுதானே?"

"ஆமாங்க... ஆனா..."

வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஒன்பது மாடியும் படியிலேயே இறங்கினார்.

கடிகாரத்தைப் பார்த்து மனைவிக்குப் பரம சந்தோஷம். ஆணி அடித்து மாட்டினாள். அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்து, இளவயதில் பழகிய பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவித் தேடினார். விரல் நுனிகள் கன்றிவிட்டன.

"இன்னும் கோபம் போகலையா?" என்றாள் மனைவி.

"எங்க போகும்? இங்கதான் இருக்கு."

"அப்ப ஏன் மெதுவா வாசிக்கறீங்க? பலமா வாசிங்க. தெருவுக்கே கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் துணி மடிக்க உள்ளே போனாள்.