ரோகா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு, காளிகாட்டில் சில வருடங்களாக வங்கியில் வேலை பார்த்துவந்த கணவரோடு அங்கே போய் இறங்கினேன். மாடியில் வீட்டுக்காரம்மா. எல்லோருக்கும் அவர் மாஷிமா. என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, "ஈஷ்! ரோகா பொட்கா!" என்றார்.

எனக்கு வங்காள மொழி தெரியாது. ஆனால் ரோகம் என்றால் என்னவென்று தெரியும்.

எதிர்வீட்டுப் பெண்ணும் "கூப் ரோகா" என்று உச்சுக்கொட்டினாள். ஊரில் என் சித்தி ஒருத்தி காசநோயில் இப்படித்தான் இளைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறியது. என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

ஒருநாள் கணவர் கவனித்துவிட்டார். "இதெல்லாம் ஏன் தனியா இருக்கு?"

"எனக்கு ஏதோ சீக்கு இருக்குங்க. இங்க எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுல்ல."

அவர் முகம் வெளுத்துவிட்டது. யார், என்ன சொன்னார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அன்று மாலையே கரியாஹாட்டில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். நெஞ்சைத் தட்டி, கண்ணை இழுத்துப் பார்த்த டாக்டர், "ரோக் நேய். ஷுது ரோகா" என்றார்.

இல்லை என்கிறாரா, இருக்கிறது என்கிறாரா?

"என்னங்க சொல்றாரு?"

"சீக்கு ஒண்ணுமில்லையாம். ஒல்லியா இருக்கியாம், அவ்வளவுதான்."

"அப்ப ரோகான்னா?"

"ஒல்லி."

"ரோகா பொட்கா?"

"குச்சி மாதிரி ஒல்லி. இதைத்தான் சொன்னாங்களா?" என்று கேட்டு, அந்த அறையிலேயே வாய்விட்டுச் சிரித்தார்.

டிராமில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒல்லிக்கு எதற்கு இப்படி ஒரு பெயர்?

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது வாசலிலேயே அக்கா கத்தினாள். "என்னடி, இன்னும் நோஞ்சானாவே இருக்க?"

சின்ன வயதிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அன்றுதான் அந்தச் சொல் காதில் உறைத்தது. அதற்குள்ளும் நோய்தான் இருக்கிறதோ? அவள் தோசை வார்க்கும்போது அடுப்படியில் போய்க் கேட்டேன்.

"அக்கா, நோஞ்சான்னா ஒல்லியா, சீக்காளியா?"

அவள் கரண்டியைப் பிடித்தபடி யோசித்தாள். "ரெண்டும்தான்னு நினைக்கிறேன். தெரியலையேடி" என்றவள், கல்லில் அடுத்த தோசையை ஊற்றினாள்.