குளியலறைக்குள் ஒரு தேர்தல்

அப்பா கம்பெனியிலிருந்து ஒரு பழைய ஏசி கொண்டுவந்த நாளில்தான் பஹ்ரைனில், ஈசா டவுனில், எங்கள் குடும்பம் இரண்டாகப் பிளந்தது. படுக்கையறைகளில் ஏற்கெனவே ஏசி இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் வீடியோ பார்க்கும் ஹோலுக்கு வேண்டும் என்றார்கள். அம்மாவும் பெரியம்மாவும் குசினிக்கு என்றார்கள். உண்மையில் குசினியில் நாள் முழுக்க வெந்தவர் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த அக்காதான். நான் ஹோல் கட்சி. ஆனால் சின்னப்பிள்ளைகளுக்கு வாக்கு இல்லையாம், அநியாயம்!

வழி சொன்னவர் பெரியப்பா. வெள்ளைக்காரன் காலத்தில், யாழ்ப்பாணத்தில், அரசாங்க சபைத் தேர்தலுக்குத் தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர் அவர். வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. மறைப்புக்குள் போய் விரும்பிய பெட்டியில் சீட்டைப் போடவேண்டியதுதான்.

"எழுத்துத் தெரியாத சனமும் நிறத்தைப் பார்த்துப் போட்டதுகள். அப்பிடியே வைப்பம்" என்றார்.

இரண்டு பால்மா டின்களில் தாள் ஒட்டினார். சிவப்பு ஹோலுக்கு, பச்சை குசினிக்கு. மறைப்புக்குக் குளியலறையைவிட்டால் வேறு இடமில்லை. யார் எதில் போடுவார்கள் என்று வீடே அறிந்த இரகசிய வாக்கெடுப்பு அது. இரண்டுக்கு இரண்டு. அதனால்தான் பெரியப்பா அக்காவையும் கூப்பிட்டார்.

"எனக்குமாங்க?" என்று அக்கா இரண்டு தரம் கேட்டார். பிறகு போய்த் தீபாவளிச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தார். குளியலறைக்குள் போனவர் வெளியே வரக் காணோம். அப்பா கதவைத் தட்டி, "என்ன, கலாஸா? முடிஞ்சுதோ?" என்றார்.

சிவப்பு மூன்று, பச்சை இரண்டு. நான் துள்ளிக் குதித்தேன்.

"அடி விசரி, அடுப்படியில வேகிறது நீ! உனக்கு எதிரா நீயே போட்டனியோ?" என்று பெரியம்மா தலையில் கைவைத்தார்.

"பாப்பா ஆசப்பட்டுச்சுங்க" என்று அக்கா என்னைக் காட்டினார்.

பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "இது சரிவராது. ஏசியைக் குசினியிலேயே பூட்டுவம்" என்றார். அப்பாவும் தலையாட்டினார்.

எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத அக்கா அன்று குரலை உயர்த்தினார். "அதெப்படிங்க? போட்டது போட்டதுதாங்க. என்னோடத எண்ணிட்டு இப்ப இல்லைங்கிறீங்களே!" கண்கள் கலங்கியிருந்தன. "எங்கப்பா தோட்டத்துல, வெள்ளக்காரன் காலத்துல, ஓட்டுப் போட்டவருங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுல நாந்தாங்க."

ஏசி ஹோலில் ஏறியது.

சுதந்திரம் வந்த சூட்டோடு தோட்டத் தமிழர்களின் வாக்கைப் பறித்துவிட்டார்கள் என்பதோ, பிரஜாவுரிமை கிடைத்த கையோடு விமானம் ஏறிய அக்கா அதுவரை எதற்குமே வாக்களித்ததில்லை என்பதோ எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கோடை முழுக்க நான் ஹோலில் குளிரக் குளிரப் படுத்துக் கார்ட்டூன் பார்த்தேன். அவர் வியர்க்க விறுவிறுக்க வாழைக்காய்ச் சீவல் பொரித்துக் கொண்டுவந்து தந்தார். அந்தக் குளிருக்கும் சீவலுக்கும் இன்றுவரை அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் அக்கா எனக்காகப் பெரியப்பாவையே எதிர்த்துச் சண்டை போட்டவர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.