வாட்டம் விட்ட பாதை

அச்சகத்தில் அவருக்குப் ‘புள்ளிக்காரர்’ என்று பெயர். மெய்யெழுத்துகளின் தலையில் விட்டுப்போன புள்ளிகளை முப்பது வருடமாகத் தேடித் தேடி வைத்தவர். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படும், தன் பிழை மட்டும் படாது என்பது அவர் மனைவியின் தீர்மானமான கருத்து.

கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை பதினெட்டு அடி. நடுவில் தோட்டம் என்ற பெயரில் சேறு. ஆளைக் கூப்பிட்டு ஒரு செங்கல் பாதை போடச் சொல்லி அந்த அம்மாள் ஒன்பது வருடம் கேட்டார். “ஆள் எதுக்கு? நானே போட்டுடறேன்” என்று இவரும் ஒன்பது வருடம் சொன்னார். கடைசியில் அந்தச் சேற்றிலேயே வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார் அம்மாள். வெள்ளிக்கிழமை வாக்கரோடு வீட்டுக்கு வருகிறார். அதற்குள் பாதை தயாராக வேண்டும். புள்ளிக்காரருக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. வீம்பு அதைவிட அதிகமாக இருந்ததால் இந்த முறையும் ஆளைக் கூப்பிடவில்லை.

மண்ணைத் தோண்டினார், ஜல்லியைக் கொட்டி இடித்தார். மணலும் சிமெண்டும் கலக்கையில் முதல் தடவை கஞ்சியாகப் போனது, அடுத்த தடவை புட்டாக உதிர்ந்தது. முட்டி வீங்கியது, விரல் தோல் உரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு கல்லின் மேலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நின்ற பிறகுதான் அடுத்த கல்லைத் தொட்டார்.

பாதி வேலையில், எதிர்வீட்டில் சுவர் வைத்துக்கொண்டிருந்த கொத்தனார் கேட் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

“வாட்டம் விட மறந்துடாதீங்க சார். இல்லேன்னா அத்தனையும் வீணாப் போயிடும்.”

“அதெல்லாம் விடுவோம்” என்றார் புள்ளிக்காரர்.

தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்பதா, அதுவும் கொத்தனாரிடம்? வாடுவது வாட்டம். பாதையை நன்றாக வாட விட வேண்டும், அவ்வளவுதானே. ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கல்லை வைத்தவர், நான்கு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. ஓரத்தில் இருந்த மனைவியின் செடிகளுக்குக்கூட ஊற்றவில்லை. பாதை வாடியதோ இல்லையோ, செடிகள் வாடின.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் மழை. பாதை முழுக்கத் தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றியதுபோல் அசையாமல் நின்றது. கால் வைத்தால் கல் ஆடியது. இடுக்கில் விரலால் கீறினால் கலவை பொரிமாவாக வந்தது.

“வாட்டம்னா சரிவு சார்” என்றார் வந்து பார்த்த கொத்தனார். “தண்ணி ஓடறதுக்கு ஒரு பக்கமா லேசா சாய்ச்சு வைக்கிறது. நீங்க என்ன பண்ணீங்க?”

“காய வெச்சேன்.”

கொத்தனார் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “காய வெச்சா எப்படி சார் பிடிக்கும்? ஒரு வாரம் தண்ணி ஊத்தி ஈரமா வைக்கணும். போகட்டும், ரெண்டு நாள் குடுங்க, பேர்த்துட்டு நான் போட்டுத் தர்றேன்.”

புள்ளிக்காரருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. தன் மேல் வந்த கோபம்தான், வெளியே வரும்போது ஆள் மாறிவிட்டது. “வேணாம். நானே பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை காரிலிருந்து இறங்கிய அம்மாள், வாக்கரை முதல் கல்லின் மேல் ஊன்றினார். கல் சாய்ந்தது, அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் அவர் பாதத்தில் பீச்சியது. முகம் வெளுத்து, சட்டென்று பின்வாங்கி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டே நாள்ல சரியாயிடும்” என்றார் புள்ளிக்காரர்.

“யாரு சரி பண்றது?”

புள்ளிக்காரர் ஆடிய கல்லைக் காலால் அமுக்கிப் பார்த்தார்.

“நான் பாதை வேணும்னுதான் கேட்டேன். நீங்க போட்டாகணும்னு கேக்கலயே” என்றார் அம்மாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. “அக்கா வீட்டுல இருக்கேன். கொத்தனார் போட்டு முடிச்சாச் சொல்லி அனுப்புங்க, வர்றேன். நீங்க போட்டா வரமாட்டேன்.”

அம்மாள் மெல்லக் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். குறுகலான தெரு, கார் திரும்ப இடம் போதவில்லை. புள்ளிக்காரர்தான் பின்னால் நின்று, “வரலாம், வரலாம்” என்று கையைக் காட்டி அனுப்பிவைத்தார்.